பழைய அம்பாசடரில் ஐந்து கியர் பெட்டி: எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பொருத்துவது?

தங்களிடம் இருப்பது 1986ஆம் ஆண்டு பெட்ரோல் அம்பாசடர், ஸ்டியரிங் தண்டிலேயே கியர் கம்பி உள்ள நான்கு கியர் வண்டி. பாலக்காட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் அடிக்கடி போய்வரும்போது எண்பதைத் தொட்டதும் எஞ்சின் இரைகிறது என்றும், இந்துஸ்தான் மோட்டார்ஸின் இன்னொரு காரான காண்டஸாவின் ஐந்து கியர் பெட்டியை மாட்டினால் சரியாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு இதே வேலையை என் வண்டியில் செய்துமுடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சரியாகும். ஆனால் பெட்டியைத் தேடிப் புறப்படுவதற்கு முன் பின் அச்சின் விகிதத்தைக் கண்டறிந்துகொள்ள வேண்டும்.

கண்டறிவது எளிது. முன் சக்கரங்களுக்கு நன்றாகக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை விடுவித்து, பின் சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். தூக்கிய சக்கரத்தை முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றும்போது புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டு) எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுவே விகிதம். மற்றச் சக்கரம் தரையில் நிற்பதால் டிபரன்ஷியல் (இரு பின் சக்கரங்களுக்கும் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) பாதிச் சுற்றையே கிரவுன் என்னும் பெரிய பல்சக்கரத்துக்குக் கொடுக்கும். இரண்டு சுற்று வேண்டியிருப்பது அதனால்தான். விகிதம் 4.5 என்றும், டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், எஞ்சினின் சுற்றை அப்படியே கடத்தும் நேர்கியரான நான்காவதில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றியாக வேண்டும். ஐந்தாவது கியரின் விகிதம் 0.85 என்றால் அதே வேகத்துக்கு 2,550 சுற்று போதும். தங்கள் காதில் விழும் இரைச்சல் அந்த 450 சுற்றில்தான் இருக்கிறது.

பெட்டியை விட்டுவிட்டுக் பின் அச்சின் விகிதத்தைத் தீர்மானிக்கும் கிரவுன் பினியன் பல்சக்கர ஜோடியை மட்டும் மாற்றினால் செலவு குறையுமே என்று சிலர் சொல்வார்கள். சமவெளியில் மட்டும் ஓடும் வண்டிக்கு அது பொருந்தும். ஆனால் அந்த மாற்றம் எல்லாக் கியர்களிலும் ஒருசேர வேகத்தைக் கூட்டி இழுவையைக் குறைத்துவிடும் என்பதால், போத்துண்டி அணையைத் தாண்டி நெல்லியாம்பதிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஆள் நிறைந்த வண்டி முதல் கியரிலேயே திணறும். கீழ்க்கியர்களின் இழுவையை விட்டுக்கொடுக்காமல் மேலே ஒரு கியரைக் கூட்டுவதுதான் ஐந்து கியர் பெட்டியின் உண்மையான பயன். அதனால் வண்டியின் உச்ச வேகம் கூடிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் காற்றை எதிர்த்து வாளையாற்றிலிருந்து பாலக்காடு நோக்கி வரும்போது, 1,489 சிசி எஞ்சினுக்கு ஐந்தாவது கியர் கனமாகவே இருக்கும். நான்காவதுக்கு இறங்கிவிடுவதே நல்லது. திரும்பிப் போகையில் அதே காற்று முதுகைத் தள்ளும்போதுதான் அந்தக் கியரின் அருமை தெரியும்.

இனித் தேர்வு. காண்டஸா கிளாசிக், 1990களின் தொடக்கத்தில் வந்த அம்பாசடர் 1800 ஐஎஸ்இசட் ஆகிய இரண்டிலும் இசுசு எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் உண்டு. கிடைக்குமானால் அம்பாசடர் 1800இன் பெட்டியையே வாங்குங்கள் என்பது என் கருத்து. ஒரே உடல் என்பதால் அதன் கிராஸ் மெம்பர் (பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), தரைத்தகடு, புரொப்பல்லர் ஷாஃப்ட் ஆகியவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டால் வெட்டி ஒட்டும் வேலை பெரிதும் குறையும். அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுபோனதால், உக்கடம் பக்கத்துப் பழைய சாமான் கடைகளில் பெட்டியை மட்டும் தனியே கழற்றிப்போட்டு விற்பார்கள். பெல் ஹவுசிங்கும் (பெட்டியை எஞ்சினோடு சேர்க்கும் மணி வடிவ உறை) கிளட்ச் ஃபோர்க்கும் (கிளட்சை விடுவிக்கும் கவைக்கோல்) இல்லாத பெட்டியை விலை குறைவு என்பதற்காக வாங்காதீர்கள். வாங்கும்போது எஞ்சின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் உள்தண்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கியராகப் போட்டுச் சுற்றிப் பாருங்கள். பல பெட்டிகளில் ஐந்தாவது கியர் வால்பகுதியில் தனியே அமர்ந்திருக்கும். எண்ணெய் குறைந்தால் முதலில் காய்வது அதுவே என்பதால் அதன் பற்களைத் தனியே பார்க்க வேண்டும்.

வேலையின் உயிர் நாடி எஞ்சினும் பெட்டியும் சேரும் இடம்தான். தங்கள் வண்டியின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வடிவமைப்பு எஞ்சினின் பின்முகத்தில் இசுசு பெல் ஹவுசிங் நேராக உட்காராது. இடையில் ஒரு தகடு கடைந்து போட வேண்டும். போல்ட் துளைகள் பொருந்திவிட்டால் போதும் என்று பட்டறையில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எஞ்சினின் பின்னால் உள்ள கனச் சக்கரமான பிளைவீலில் டயல் கேஜை (நுண்ணிய விலகலை அளக்கும் முள் கருவி) பொருத்தி, எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்க்கைக் கையால் சுற்றி, பெல் ஹவுசிங்கின் நடுத்துளை கிராங்க்கின் மையத்தோடு ஒத்திருக்கிறதா என்று அளக்க வேண்டும். மைய விலகல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால்தான் தகட்டுக்கு டவல் பின் (இடம் நகராமல் பிடிக்கும் முளை) அடித்து நிலைப்படுத்தலாம். இதைக் கவனிக்காமல் பூட்டிய பெட்டியில் பைலட் புஷ் (உள்தண்டின் முனையைத் தாங்கும், கிராங்க்கின் நடுவிலுள்ள வளையம்) தேயும், உள்தண்டின் பேரிங் ஊளையிடும், ஓடும்போதே கியர் தானாகக் கழன்று விழும். பழியோ பெட்டியின் தலையில் போய் விழும். கோயம்புத்தூரில் இவ்வளவு நுணுக்கமாகக் கடைந்து தரும் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அளந்து காட்டச் சொல்லிக் கேட்பதற்கு மட்டும் நாம் கூசக் கூடாது.

தகட்டின் கனத்தைத் தீர்மானிப்பது உள்தண்டின் நீளம். தண்டின் மூக்கு பைலட் புஷ்ஷுக்குள் போதிய ஆழம் இறங்க வேண்டும். ஆனால் கிராங்க்கில் முட்டக் கூடாது. அந்த மூக்கின் அளவுக்கு வெண்கலத்தில் புதுப் புஷ் கடைய வேண்டும். கிளட்ச் பிளேட்டின் வெளிவட்டம் தங்கள் பிளைவீலுக்கும், நடுவிலுள்ள பல்வரிசை புதுத் தண்டுக்கும் பொருந்தியாக வேண்டும். கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கின் உயரத்தையும் அப்போதே சரிபார்த்துவிட்டால், பெட்டியை மறுபடி இறக்கும் அவதி இருக்காது.

மற்றவை சிறிய வேலைகள். புரொப்பல்லர் ஷாஃப்ட்டை நீளம் திருத்தி, பேலன்ஸ் பார்த்து, அதன் நுனியில் வழுக்கி நகரும் இணைப்பான ஸ்லிப் யோக்கில் முன்பின் நகர இரண்டு, மூன்று சென்டிமீட்டர் இடம் விட்டு மாட்டுங்கள். ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டக்கூடும் என்பதால் கிலோமீட்டர் கல்லை வைத்துச் சோதியுங்கள். அம்பாசடருக்கு உடலைத் தாங்கும் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். ஆகவே கியர் கம்பிக்குத் தரையை வெட்டினால் விளிம்பைச் சுற்றித் தகடு பற்றவைத்து வலுவூட்ட வேண்டும். கம்பி தரைக்கு இறங்கிவிட்டால் முன்னிருக்கையில் மூன்றாவதாக ஒருவர் உட்கார முடியாது. எங்கள் வீட்டில் இந்த வேலைக்கு எழுந்த எதிர்ப்பெல்லாம் இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

பதிவுச் சான்றில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் இருப்பதால், பெட்டியோடு இசுசு எஞ்சினையும் சேர்த்து மாற்றுவதானால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி முன் அனுமதி பெற வேண்டும். பெட்டியை மட்டும் மாற்றினால் அந்த எண்கள் மாறுவதில்லை. என்றாலும் கேரளத்தில் மாற்றியமைத்த வண்டிகளைக் கடுமையாகப் பார்ப்பதால், வேலையைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்வது பாதுகாப்பு.

பெட்டிக்கு எண்ணெய் ஊற்றும்போது ஜிஎல்-4 என்னும் கியர் எண்ணெய்த் தரம் பார்த்து வாங்குங்கள். பின் அச்சுக்கு ஊற்றும் ஜிஎல்-5 எண்ணெயில் உள்ள கந்தகச் சேர்மங்கள் கியர் மாறும்போது பல்சக்கரங்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சின்க்ரோமெஷ்ஷின் பித்தளை வளையங்களைக் கெடுக்கக்கூடும். சுமார் 500 கிலோமீட்டர் ஓடியபின் எண்ணெயை வடித்து வெளிச்சத்தில் பாருங்கள். கருமையான நுண்துகள் சிறிது இருப்பது இயல்பு. பொன்னிறத்தில் மினுமினுத்தால் அந்த வளையங்கள் தேய்கின்றன என்று பொருள், பெட்டியைத் திறந்துதான் ஆக வேண்டும்.