கோபத்தை ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த பெண்

சிவகாசியில் அச்சகம் நடத்தும் ஒருவர் போன வாரம் மகளோடு என்னிடம் படிப்பு பற்றி ஆலோசனை கேட்க வந்திருந்தார். பிளஸ் டூ முடித்த பெண். அச்சகத்தை அடமானம் வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடச் சொல்கிறாராம் மைத்துனர். பெண் கேட்பது ஆங்கிலம். "கதைப் புத்தகம் படிக்கவா சார் மூணு வருஷம்?" என்று கலங்கிப் போய்க் கேட்டார்.

ஆறுதலாகத்தான் பேச ஆரம்பித்தேன். பேச்சுவாக்கில் அவரே ஒன்று சொன்னார். நோட்டுப் புத்தகம் வாங்கிய லண்டன்காரர் பணத்தை இழுத்தடிக்க, இவர் 'ஐ ஆம் வெரி ஆங்க்ரி ஆன் யூ' என்று மெயில் எழுதியிருக்கிறார். மகள் அனுப்ப விடவில்லை. 'உங்கள் மேல் கோபம்' என்பதில் உள்ள 'மேல்'தான் நமக்கு 'ஆன்' ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் அது 'வித்'. அதோடு விடாமல், 'ஆங்க்ரி'யையே எடுத்துவிட்டு 'டிஸ்அப்பாயின்டட்' போட்டாளாம். பிரிட்டிஷ் வியாபாரக் கடிதத்தில் அது லேசான சொல் இல்லை. 'நீங்கள் கட்டவில்லை' என்பதை 'பணம் இன்னும் வரவில்லை' என்று மாற்றி, கீழே ஒரு கெடு தேதியும் கொடுத்திருக்கிறாள். 'மேட்' (mad) போடலாமா என்று அப்பா கேட்டதற்கு, "அமெரிக்காவுல அது கோபம், லண்டன்ல பைத்தியம்" என்றாளாம்.

ஐயா, 'ஐ ஆம் ஃப்ரஸ்ட்ரேட்டிங்' என்று எழுதினால் நான் நொந்துபோயிருக்கிறேன் என்று ஆகாது, என்னால் மற்றவர்கள் நோகிறார்கள் என்று ஆகிவிடும். பல வருட அனுபவமுள்ள பொறியாளர்களே இதில் சறுக்குகிறார்கள். உங்கள் பெண்ணுக்கு இந்த வித்தியாசம் இப்போதே தெரிகிறது.

ஹைதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் இருக்கிறது, இஃப்ளூ என்பார்கள். 1958-ல் ஆங்கிலத்துக்கான மத்திய நிறுவனமாகத் தொடங்கி, 2007-ல் மத்தியப் பல்கலைக்கழகமானது. ஷில்லாங்கிலும் லக்னோவிலும் வளாகங்கள் உண்டு. பி.ஏ. ஆங்கிலம் முடித்து அங்கேயே மொழியியல் பக்கம் போகலாம். கூடவே ஜெர்மனோ ஜப்பானிய மொழியோ கற்றால் மொழிபெயர்ப்பு வேலைக்கும் வழி திறக்கும். பாடநூல் எடிட்டிங், மென்பொருள் கம்பெனிகளில் டெக்னிக்கல் ரைட்டிங் (விளக்கக் கையேடு எழுதும் வேலை), ஆங்கிலம் கற்பித்தல் எல்லாம் இந்தப் படிப்புக்கு உரிய வேலைகள். முதல் சம்பளம் சின்னதாக இருக்கலாம், மறைக்கவில்லை. நுழைவுத்தேர்வு உண்டு, இந்த ஆண்டு அறிவிப்பை இன்றே பாருங்கள்.

அச்சகத்தை அடமானம் வைக்காதீர்கள். அவளுக்குப் பிடிக்காத படிப்புக்குக் குடும்பத்தின் சோற்றைப் பணயம் வைப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மைத்துனரிடம் நான் பேசவேண்டும் என்றால் அழைத்து வாருங்கள். அதுவரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டவேண்டாம்.