நுவரெலியாவில் வாங்கிய அசேலியா கொழும்பில் இலை உதிர்க்கிறது. பிழைக்குமா, திரும்பப் பூக்குமா?

பூவோடு வாங்கிப் பல்கனியில் வைத்திருப்பீர்கள். இரண்டு கிழமையில் பூ கொட்டி, இப்போது இலையும் கொட்டுகிறது, சரிதானே? கன்றைக் காப்பாற்றலாம். வாங்கிய நாளில் இருந்ததுபோல் இலை தெரியாமல் பூக்கும் என்று மட்டும் நம்பவேண்டாம்.

அசேலியா மொட்டுப் பிடிப்பதற்கு இளஞ்சூடு போதும். அந்த மொட்டுகள் ஒன்றாக விரிய நாலு முதல் ஆறு கிழமை 10 பாகையை ஒட்டிய குளிர் தேவை. நுவரெலியாவின் சனவரி இரவுகளில் அது சும்மா கிடைக்கிறது. கொழும்பில் சனவரி இரவே 22 பாகை. ஏசி அறையிலும் அந்தக் குளிர் வராது, வெளிச்சமும் போதாது. சட்டியில் ஐஸ் கட்டி போடுவது வேருக்குத்தான் கேடு. "எங்கள் வீட்டில் பூத்ததே" என்று சண்டைக்கு வராதீர்கள்: வெப்பம் தாங்கும் கலப்பினங்கள் உண்டு, அவை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும். விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

முதலில் சட்டியிலிருந்து கன்றை உருவி வேரைப் பாருங்கள். மேல்மண் ஈரமாயிருந்தும் நடுவேர்க்கட்டி காய்ந்திருக்கலாம். பீட் (சட்டி மண்ணில் கலக்கும் மக்கிய பாசித்தூள்) ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் ஊற்றும் தண்ணீர் ஓரத்தால் வழிந்துவிடும், உள்ளே இறங்காது. வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும்வரை, அரை மணி நேரமளவு அமிழ்த்தி வையுங்கள். மண் ஈரமாயிருக்கும்போதே கன்று வாடினால், வேர் கபில நிறமாகி நாறினால், அது வேரழுகல். அழுகியதை வெட்டிவிட்டுப் புது மண்ணில் வைத்துப் பார்க்கலாம், ஆனால் பெரும்பாலும் தேறாது.

வேர் நூல்போல மெல்லியது, ஆழம் போகாது. ஆகவே அகலமான, ஆழம் குறைந்த சட்டியே நல்லது. தும்புத்தூள் இரண்டு பங்கு, மக்கிய இலை ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு. தும்புத்தூளில் உப்பு இருக்கும், மூன்று தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். வெள்ளவத்தைக் கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், அதில் உப்போடு சிப்பிச் சுண்ணாம்பும் உண்டு. வேர்க்கட்டியின் மேற்பரப்பு, சுற்றியுள்ள மண்ணைவிட ஒரு விரல் உயர்ந்து நிற்கவேண்டும். புதைத்தால் அழுகும்.

சுண்ணாம்புதான் இதற்கு முதல் எதிரி. மண்ணின் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 6 வரை இருக்கவேண்டும். அதற்கு மேலே போனால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. துளிர் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். முட்டைக்கோது, சாம்பல், டொலமைட் என்ற சுண்ணாம்புத் தூள் எதுவும் போடாதீர்கள். தேயிலைச் சக்கை பிஎச்சைச் சொல்லும்படி இறக்காது, சீனி கலந்ததென்றால் எறும்புதான் வரும். தேயிலைக்குப் போடும் அமோனியம் சல்பேட் 5 லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, மாதம் ஒருமுறை, ஈர மண்ணில் மட்டும். மஞ்சளித்த கன்றுக்கு இரும்புச் சீலேட் (வேர் எளிதில் எடுக்கும் இரும்புச் சத்து) கொடுங்கள். மழைநீர் பிடிக்க முடிந்தால் அதுவே சிறந்தது. கிணற்று நீர் உவர் என்றால் தொடவேண்டாம்.

அடுக்குமாடிகளில் பூச்சு வேலைக்கு வருபவர்கள் சுண்ணாம்பு நிறைந்த மிச்சச் சீமெந்துச் சாந்தைப் பூச்சட்டிக்குள் கழுவி ஊற்றுவார்கள். கேட்டால் "மண்தானே" என்பார்கள். நிர்வாகக் குழுவுக்கு எழுதினால், பல்கனியில் சட்டி வைத்தது உங்கள் பிழை என்று பதில் வரும். வேலை நடக்கும் நாட்களில் சட்டியை உள்ளே எடுத்துவிடுங்கள்.

காலை பத்து மணிவரை வெயில், பிறகு நிழல். மேற்குப் பக்கச் சுவரோரம் கூடாது. சட்டிக்கடித் தட்டு வேண்டாம், வேரும் அழுகும், நுளம்பும் பெருகும். பூ முடிந்தவுடன் நுனி வெட்டுங்கள். பிந்தினால் அடுத்த மொட்டையும் சேர்த்து வெட்டுவீர்கள். இலை மேலே வெளிறிப் புள்ளி விழுந்தால் அடியில் செஞ்சிலந்தி என்ற மிகச் சிறிய உண்ணி இருக்கும், தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே குறையும். நாய், பூனை இருந்தால் எட்டாமல் வையுங்கள், இலையும் பூவும் நஞ்சு.

ஆண்டு முழுக்கப் பூத்தான் வேண்டுமென்றால் வெட்சி வையுங்கள், இந்தச் சூடு அதற்குப் பிடிக்கும். அதையும் சீமெந்துச் சுவரை ஒட்டி நடவேண்டாம், அதுவும் மஞ்சளிக்கும்.