பாரிஸில் ஒரு டிசம்பர் நாள்

கேள்வி: வெளிநாட்டு நகரமொன்றில் குளிர்காலத்தில் நண்பருடன் சுற்றிய நாள் எதுவும் உங்கள் நினைவில் நிற்கிறதா?
(வாசகி ஒருவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: நிற்கிறது. புதுச்சேரியில் என்னோடு வளர்ந்து பாரிஸில் குடியேறிவிட்ட நண்பர், டிசம்பர் இறுதியில் ஒருநாள், 1889இல் திறக்கப்பட்ட ஈஃபில் கோபுரத்தைத் தொலைவிலிருந்தே காட்டிவிட்டு, சேன் நதிக்கரையோரமாக என்னை நடத்தியே அழைத்துச் சென்றார். காலை எட்டரைக்குமேல் எழுந்த சூரியன் மாலை ஐந்துக்குள் மறைந்துவிட்டது. மார்கழிப் பனிக்கே மப்ளர் தேடுகிற புதுச்சேரிக்காரனுக்கு அது கொஞ்சம் அதிகம்தான். விரல்கள் மரத்துப்போய்ப் பொத்தானைக்கூடப் போட முடியாமல் நான் தவிப்பதைக் கண்ட அவர், தாமே என் மேலங்கியைப் பூட்டிவிட்டு, தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதிக்கு மெட்ரோவில் கூட்டிச் சென்றார். அங்கே ஆவி பறந்த தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, குடிக்க மனமின்றி நெடுநேரம் நின்றிருந்தேன்; அவரோ அதற்குள் தம்முடையதைக் குடித்து முடித்து, அடுத்ததற்கும் சொல்லிவிட்டார்.