தாமிரபரணி பற்றிக் கட்டுரை: தகவல்களை எந்த வரிசையில் அடுக்குவது?

மகளின் கல்லூரிக் கட்டுரைக்குத் தகவல் குவிந்துவிட்டது, வரிசைதான் புரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டுரை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதை முதலில் முடிவு செய்யச் சொல்லுங்கள். வரிசை அதிலிருந்துதான் வரும்.

ஆற்றை அறிமுகப்படுத்துவதுதான் நோக்கம் என்றால் இடவரிசை போதும்: பொதிகை மலை, பாபநாசம், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், கடைசியில் புன்னைக்காயல் கடல். ஆறே வரிசை போட்டுத் தருகிறது!

வரலாறு என்றால் காலவரிசை. ஆனால் திருநெல்வேலியில் இந்த ஆற்றின் மேல் 1843-இல் திறந்த சுலோசன முதலியார் பாலத்திலிருந்து இன்றுவரை வெறும் ஆண்டுகளாக அடுக்கினால் பஞ்சாங்கம் மாதிரி ஆகிவிடும். ஒவ்வொன்றும் எதை மாற்றியது என்று ஒரு வரியாவது வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தை எழுதினால் காரணம்-விளைவு வரிசைதான் சரி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை. அப்புறம் ஆற்றில் பெருவெள்ளம், குளங்களில் உடைப்பு, ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயில். இங்கே ஒரு எச்சரிக்கை: அடுத்து நடந்தது எல்லாம் விளைவு ஆகிவிடாது. தொடர்பைக் காட்ட முடியாததை விட்டுவிடலாம்.

ஒப்பீடும் உண்டு, வைகையோடு ஒப்பிடுவதாக இருந்தால் நீர்வரத்து, பாசனம் என்று அம்சம் அம்சமாகப் போகட்டும். ஒரு ஆற்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால், படிப்பவர் முன்னதை மறந்துவிடுவார்.