வலது கண்ணில் மட்டும் ஏன் 2 புள்ளி கூட வருகிறது?

கேள்வி: கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) ஆய்வுக்காகச் சுண்டெலிகளின் கண் அழுத்தத்தை டோனோலேப் கருவியால் அளக்கிறேன். ஐசோஃப்ளூரேன் கொடுத்து மயக்கியதும் முதலில் வலது கண், பிறகு இடது கண். மருந்தே போடாத எலிகளிலும் வலது கண் 2, 3 மி.மீ. பாதரசம் கூடுதலாகக் காட்டுகிறது. கருவியில் கோளாறா?

பதில்: கருவியைச் சர்வீசுக்கு அனுப்புவதற்கு முன், நாளைக்கு இடது கண்ணை முதலில் அளந்து பாருங்கள். கூடுதல் அளவு இடது பக்கம் மாறிவிட்டால் கருவியின் மேல் பழியில்லை. ஐசோஃப்ளூரேன் கண் அழுத்தத்தை நிமிடத்துக்கு நிமிடம் இறக்கிக்கொண்டே போகும். இரண்டாவது கண்ணுக்கு நீங்கள் வந்து சேர்வதற்குள் அழுத்தம் இறங்கியிருக்கும். ஊசியாகப் போடும் கீட்டமின், சைலசின் மயக்க மருந்துக் கலவையிலும் இதே தொல்லைதான்.

எலி அசைவற்றுப்போன நொடியில் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் இரண்டு கண்களையும் முடிக்கப் பாருங்கள். எந்தக் கண் முதலில் என்பதை எலிக்கு எலி மாற்றிக் குறித்துவையுங்கள். வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப அளக்கும் ஆய்வு என்றால், மயக்காமல் அளப்பதையே நான் விரும்புவேன். மென்மையான பிளாஸ்டிக் கூம்புப் பைக்குள் இருக்க எலியைச் சில நாள் பழக்க வேண்டும். கழுத்தை இறுக்கிப் பிடிக்காதீர்கள்; அங்கே இரத்தக்குழாய்கள் அமுங்கி இரத்தம் தேங்கினால் கண் அழுத்தம் ஏறிவிடும். இமையை விரலால் விரித்தாலும் அப்படித்தான், விழியையே அமுக்கிவிடுவோம். பொறுத்திருந்தால் எலி தானே கண் திறக்கும்.

இந்தக் கருவி ஒரு குட்டிக் காந்த ஊசியை, விழியின் முன்னால் உள்ள தெளிந்த படலமான கார்னியாவின் மேல் எறிந்து, அது திரும்பி வரும் விதத்தைக் கணக்கிடுகிறது. அழுத்தம் அதிகமானால் ஊசி சட்டென்று வேகம் குறைந்து திரும்பும். ஆகவே ஊசி கிடைமட்டமாக, கார்னியாவின் நடுவில் செங்குத்தாகப் படவேண்டும். நுனிக்கும் கண்ணுக்கும் இடையே 1 முதல் 4 மில்லிமீட்டர் இருக்கலாம். எலியின் விழியே 3 மில்லிமீட்டர் சொச்சம்தான் என்பதால் கை நடுங்கினால் ஓரத்தில் பட்டுவிடும். கையை மேசைமேல் ஊன்றிக்கொள்ளுங்கள், அல்லது கருவியைத் தாங்கியில் பொருத்துங்கள். 6 தொடுகைகளில் பெரியதையும் சிறியதையும் தள்ளி, மீதி நான்கின் சராசரியைத்தான் திரையில் காட்டும். அப்படி மூன்று நான்கு முறை எடுத்துச் சராசரி காணுங்கள்.

வேளையும் முக்கியம். எலி இரவுப் பிராணி. விளக்கணைந்த நேரத்தில் அதன் கண் அழுத்தம் ஏறும். முதல் வாரம் காலையிலும் அடுத்த வாரம் மாலையிலும் அளந்தால், மருந்தின் பலனையும் கடிகாரத்தின் பலனையும் பிரிக்கவே முடியாது.

அளவீட்டைச் சரிபார்க்கும் வேலையைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். கண்ணின் முன்னறையில், அதாவது கார்னியாவுக்குப் பின்னால் நீர் நிறைந்த இடத்தில், நுண்ணூசி செருகி உப்புநீர்த் தொட்டியோடு இணைத்து, தொட்டியைப் படிப்படியாக உயர்த்துங்கள். 136 மில்லிமீட்டர் நீர் உயரம் என்பது 10 மி.மீ. பாதரசம், 272 என்றால் 20. ஒவ்வொரு படியிலும் கருவி என்ன காட்டுகிறது என்று கோடு போட்டால் உங்கள் கை, உங்கள் கருவி இரண்டின் யோக்கியதையும் தெரிந்துவிடும். ஆனால் அந்தக் கோடு தெளிவான கார்னியாவுக்கு மட்டுமே பொருந்தும். நுண்மணிகளைச் செலுத்தி அழுத்தம் ஏற்றிய கண்ணில் கார்னியா வீங்கியிருந்தாலோ, தானாகவே கிளாக்கோமா வரும் டிபிஏ/2ஜே வகை எலிகளில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ, அந்த எண்ணைத் தனியாகக் குறித்துச் சந்தேகத்தோடு பாருங்கள்.

இதுவரை எடுத்த தரவைக் குப்பையில் போடவேண்டியதில்லை. மருந்திட்ட எலிகளின் வலது கண்ணை மருந்திடாத எலிகளின் வலது கண்ணோடு ஒப்பிடலாம். வரிசை இரண்டிலும் ஒன்றுதான். ஒரே எலியின் இரு கண்களை மட்டும் ஒப்பிடாதீர்கள். டிமோலால் போன்ற, கண் அழுத்தம் குறைக்கும் சொட்டு மருந்து அந்தச் சிறு உடம்பின் இரத்தத்தில் கலந்து மறு கண்ணையும் தொடக்கூடும் என்பதால், வரிசையைத் திருத்திய பிறகும் அந்த ஒப்பீட்டை நான் நம்பமாட்டேன்.