புதுக்கோட்டைக்காரர்களுக்குக் கட்டபொம்மன் பெயரைக் கேட்டால் கூச்சமாக இருக்காதா?

நீங்கள் தெற்கத்திக்காரர் என்பது கேள்வியிலேயே தெரிகிறது. கூச்சம் இருக்கிறது. கல்லூரி விடுதியில் முதல் வாரமே ஊர் எது என்று கேட்ட சீனியர், புதுக்கோட்டை என்றதும் “அடேய், காட்டிக்கொடுத்த ஊரா!” என்றார். மூன்று வருஷம் எனக்குப் பெயரே, எங்கள் ராஜாக்களின் பட்டப்பெயரான ‘தொண்டைமான்’தான். இத்தனைக்கும் என் கொள்ளுத்தாத்தா அரண்மனைக் குதிரைக்குப் புல் அறுத்துப் போட்டவர்.

நடந்ததை மறுக்கவில்லை. 1799இல் திருக்களம்பூர்க் காட்டுப் பக்கம் கட்டபொம்மனைப் பிடித்து வெள்ளைக்காரக் கும்பினியிடம் ஒப்படைத்தது தொண்டைமானின் ஆட்கள்தான். அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கு. ‘வெள்ளைக்காரனுக்குக் கப்பமே கட்டாத சமஸ்தானம்’ என்று பெருமை பேசுகிற எங்கள் ஊர்ப் பெரியவர்கள், அந்தச் சலுகை எதனால் என்று மட்டும் பேச மாட்டார்கள். (வெள்ளைக்காரனோடு ஆர்க்காட்டு நவாப் காலத்திலிருந்தே இருந்த கூட்டு அது என்று பாடம் எடுக்க வருபவர்களுக்கு: எனக்கும் தெரியும்.)

ஆனால் அந்த விசுவாசத்துக்குக் கிடைத்த மரியாதையையும் பாருங்கள். பையன்கள் படித்த கல்லூரியில் எதிர்ப்பை மீறி, பின்னாளில் டாக்டரான முத்துலட்சுமி ரெட்டியைச் சேர்க்கச் சொன்னவர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். அவர் 1915இல் மாலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். அவளை ராணியென்று வெள்ளைக்கார சர்க்கார் ஒப்புக்கொள்ளவே இல்லை. பிள்ளைக்கும் பட்டம் கிடையாது. மனிதர் ஊரை விட்டே போய், 1928இல் பாரிஸில் செத்தார். அரச குடும்பத்து ஆறு வயது ராஜகோபாலைப் பட்டத்தில் உட்கார வைத்தார்கள். இதைச் சொன்னால் ராஜாவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பீர்கள். இல்லை. கட்டபொம்மனைக் கொடுத்தவர் வேறு ராஜா, நூறு வருஷத்துக்கு முந்தியவர். அதைத்தான் சீனியரிடமும் சொன்னேன், கேட்கவில்லை.

சமஸ்தானம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது அதன் சொந்த நாணயமான அம்மன் காசுதான். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’. இருபது சேர்ந்தால் ஓரணா. நவராத்திரியில் அரிசியோடு தானமாகப் போடுவார்களாம். அப்பத்தா சுருக்குப்பையில் ஏழு காசு வைத்திருந்தது. பள்ளிக் கண்காட்சிக்கு என்று ஒரு வாத்தியார் கேட்டார், நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பிக் கேட்டபோதெல்லாம் “பீரோவில்தான் இருக்கும், பார்க்கிறேன்” என்றார். அவர் ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகிறது. அப்பத்தாவும் இல்லை.