பாட்டியின் பெட்டியில் ஒரு பித்தளைப் பொத்தான்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்துவைத்திருந்த ஜப்பான்காரன் காலத்தில் தோட்டங்களில் அவசர அவசரமாக நடந்த கல்யாணங்களைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். கெடாவில் பீடோங்குக்கும் சுங்கைப்பட்டாணிக்கும் இடையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்த என் பாட்டியின் கல்யாணமும் அப்படி நடந்ததுதான். 1942 தை மாதத்தின் முதல் வாரத்தில், 15 வயதில், தம்மைவிட 16 வயது மூத்தவரும் மனைவியை இழந்தவருமான ஒரு பால்மரத் தொழிலாளிக்கு அவரைக் கட்டிக்கொடுத்தார்கள். தாத்தா பிறகு சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டு, போர் முடிந்தபின் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்.

பாட்டியின் தகரப்பெட்டியை அண்மையில் திறந்தபோது, பழைய சேலைக் கிழிசலில் முடிந்துவைத்த ஒரு பித்தளைப் பொத்தான் கிடைத்தது. பாட்டியின் தங்கையான சின்னப் பாட்டிக்கு இப்போது 90 வயதுக்கு மேல். அவர் அதைப் பார்த்தவுடன், “இது அந்தப் பஞ்சாபிக்காரன் குடுத்தது” என்றார். சப்பான் வருவதற்கு முன் தோட்டத்துக்குப் பக்கத்தில் பட்டாளம் கூடாரம் போட்டிருந்ததாம். “சயாம்காரன் காலத்தில்” பாட்டி கைக்குழந்தையோடு ஜான்சி ராணிப் படையில் சேரப் போகிறேன் என்று அழுததாகவும் சொல்கிறார். அவர் காலத்தைக் குழப்புகிறாரோ என்று எனக்கு ஐயம். பெரிய மாமாவோ, “செத்தவளைச் சந்திக்கு இழுக்காதே” என்று கோபித்துக்கொண்டார்.

அது காதலா? அந்தச் சிப்பாய் பாட்டியை ஏமாற்றினானா? பாட்டியைக் கட்டாயப்படுத்தித்தான் தாத்தாவுக்குக் கொடுத்தார்களா? இதை நான் எழுதலாமா?

அன்புடன்,
கூலிமிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். முதலில் சின்னப் பாட்டியின் நினைவுக்கு ஒரு நியாயம் செய்துவிடுகிறேன். அவர் குழப்பவில்லை. 1943 அக்டோபரில் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு மாநிலங்களையும் ஜப்பானியர் சயாமிடம் ஒப்படைத்தார்கள். ஆகவே நம் பக்கத்து முதியவர்களுக்கு ஜப்பான்காரன் காலத்துக்குள்ளேயே சயாம்காரன் காலம் என்று ஒன்று உண்டு. உங்கள் தாத்தா சயாமில் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தபோது, பாட்டி குடியிருந்த கெடாவும் சயாமின் கையில்தான் இருந்தது. இரண்டு சயாமும் ஒரே பேச்சில் வருவதால் உங்களுக்கு அது குழப்பமாகத் தோன்றியிருக்கிறது. இவ்வளவு நுட்பமாகக் காலத்தைச் சொல்லக்கூடியவர் பொத்தானைப் பற்றிச் சொல்வதையும் நம்பலாம் என்றே நான் கருதுகிறேன்.

அவர் சொல்லும் பட்டாளமும் மெய்யானதுதான். சயாம் வழியாக ஜப்பானியர் இறங்கக்கூடும் என்று எதிர்பார்த்த பிரிட்டிஷார், 11-ஆவது இந்தியப் படைப்பிரிவைக் கெடாவில் நிறுத்தி, அதன் தலைமையகத்தைச் சுங்கைப்பட்டாணியில் வைத்திருந்தார்கள். பஞ்சாபியர், ஜாட்டுகள், கூர்க்காக்கள் என்று வடக்கத்தி ஆட்களே அதில் மிகுதி. பால் வெட்டுவதும் வெளிக்காட்டு வேலையுமாக, விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் எண்ணும் கூட்டத்துக்கு)ப் போய் இருட்டியதும் அடங்கிவிடும் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாழ்க்கைக்குப் பக்கத்தில், வீட்டையும் பெண்டு பிள்ளைகளையும் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் விட்டுவந்த இளைஞர்களின் கூட்டம் ஒன்று குடியேறியதை எண்ணிப் பாருங்கள். கடைக்காரருக்கு வியாபாரம் கூடியது, பிள்ளைகளுக்கு வேடிக்கை கூடியது, பெண்களைப் பெற்றவர்களுக்குக் கவலை கூடியது. என் அம்மாவும் இதே பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். பட்டாளம் வந்த பிறகு குழாயடிக்குக்கூடத் தம்பி தங்கைகளில் ஒருவரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் குமரிப் பெண்கள் போகவேண்டும் என்று வீட்டுக்கு வீடு கட்டளையாகிவிட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். உங்கள் பாட்டியின் கையில் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளை சின்னப் பாட்டியாகத்தான் இருக்கவேண்டும். அந்த வகையில் அவர் செவிவழிச் செய்தி சொல்பவர் அல்லர், கண்ணால் கண்ட சாட்சி.

அந்த இருவரும் எந்த மொழியில் பேசியிருப்பார்கள் என்பதுதான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குள் எழுந்த முதல் கேள்வி. சிப்பாய்க்குத் தமிழ் வராது, தோட்டத்துப் பெண்ணுக்கு இந்துஸ்தானி வராது. இருவருக்கும் பொதுவாக இருந்திருக்கக்கூடியது, கடைத்தெருவில் பொறுக்கிய நாலைந்து டஜன் பசார் மலாய்ச் சொற்கள் மட்டுமே. சாப்பிட்டாயா, எங்கே போகிறாய், இது என்ன விலை என்பதற்கு மேல் அந்தச் சொற்களால் அதிக தூரம் போகமுடியாது. கல்யாணம் செய்துகொள்கிறேன், ஊருக்கு அழைத்துப்போகிறேன் என்றெல்லாம் விரிவாக வாக்குக் கொடுத்து ஏமாற்றும் கதை இங்கே எளிதில் பொருந்தி வரவில்லை. பார்வையும் சிரிப்பும் ஒரு பொத்தானுமாக நின்றுபோன பழக்கம் என்று கொள்வதற்கே இடம் அதிகம். இதைக் காதல் என்பதா, வேறு பெயர் சொல்வதா என்று நீங்கள் கேட்கிறீர்கள். 15 வயதுப் பெண் ஒருத்தி அதை எழுபது ஆண்டுகளுக்கு மேல் முடிந்து வைத்திருந்தாள் என்பதை மட்டும் எழுதுங்கள், படிப்பவர்கள் பெயரை வைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். லயத்துப் பெண்ணின் வாழ்வில் அதுவரை வந்த அந்நிய ஆண்கள் யார்? துரை, கிராணி (எழுத்தர்), தண்டல் (மேற்பார்வையாளர்). நாள் வேலைக் கணக்கில் பேர் போடுவதும் பேரை வெட்டுவதும் அவர்கள் கையில் இருந்தது. பால் வெட்ட நல்ல மர நிரையைக் கொடுப்பதும் கெட்ட நிரையில் தள்ளுவதும் அவர்கள் விருப்பம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வோடு, தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்தவேண்டும் என்பதும், மேலதிகாரிகள் எதிரில் வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை வேண்டும் என்பதும் இருந்தன. எந்த அளவுக்கு அது அன்றாடத் துன்பமாக இருந்திருந்தால் கோரிக்கைப் பட்டியலில் ஏறியிருக்கும்! கூடாரத்துச் சிப்பாய்க்கோ உங்கள் பாட்டியின் பேர்மீது எந்த அதிகாரமும் இல்லை. தன் பிழைப்பில் கைவைக்க முடியாத ஓர் ஆண், தன்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டது அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு புதியதாக இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. ஆனால் அதே ஆண்டு மே மாதத்தில் அந்த வேலைநிறுத்தத்தை அடக்க இராணுவம்தான் வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். சீருடைக்கு நம்மவர்கள் அஞ்சியதில் காரணம் இருந்தது. உங்கள் கொள்ளுப்பாட்டி மகளை அடித்தே வீட்டுக்குள் நிறுத்தியிருந்தாலும் அவரைக் கொடியவர் என்று எழுதிவிடாதீர்கள்.

1941 டிசம்பர் 8 அன்று சுங்கைப்பட்டாணி விமானத்தளத்தில் குண்டு விழுந்தது. 11, 12-ஆம் தேதிகளில் ஜித்ராவிலும், அடுத்து குரூணிலும் படை தோற்றது. எஞ்சியவர்கள் பீடோங் வழியாகச் செல்லும் பெரிய சடக்கில் (சாலையில்) தெற்கு நோக்கிப் பின்வாங்கினார்கள். அத்தோடு கூடாரங்கள் காலி. அந்தச் சிப்பாய்க்கு விடைசொல்ல நேரம் கிடைத்திருக்காது.

அடுத்து வந்த நாள்களைப் பற்றி அம்மா அதிகம் பேசியதில்லை. ஜப்பானியர் லாரி வரும் ஓசை கேட்டால் பெண்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு கித்தா (ரப்பர்) காட்டுக்குள் ஓடியதையும், ஒருமுறை ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோடும் கொட்டகைக்குள் அம்மா ஒரு பகல் முழுவதும் ஒளிந்திருந்து, மூச்சு முட்டி மயங்கிய நிலையில் வெளியே எடுக்கப்பட்டதையும் மட்டும் சொன்னார். கூந்தலை வெட்டி, அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட பெண்களும் இருந்தார்கள்.

இங்கேதான் உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதிய ஒரு செய்தி என் மனத்தைத் தைத்தது. தை மாதத்தின் முதல் வாரம் என்கிறீர்கள். ஜப்பானியர் நம் பகுதிக்குள் நுழைந்தபோது மார்கழி பிறக்கும் நேரம். மார்கழியில் நம்மவர்கள் தாலி கட்டமாட்டார்கள். உலகமே கவிழ்ந்துகொண்டிருந்த அந்த ஒரு மாதம் முழுவதும் மகளை ஒளித்து ஒளித்துக் காப்பாற்றிவிட்டு, தை பிறந்ததும் கிடைத்த முதல் முகூர்த்தத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். கோலாலம்பூர் ஜனவரி 11-ஆம் தேதி விழுந்தது, பொங்கல் அதற்கு மூன்று நாள் கழித்து. மகளை எவன் தலையிலாவது கட்டித் தொலைக்க நினைத்தவர்கள் நாளும் மாதமும் பார்த்திருப்பார்களா? கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் ஜப்பானியச் சிப்பாய் தொடமாட்டான் என்று அன்று பல பெற்றோர்கள் நம்பினார்கள். மணமான பெண்களுக்கும் கொடுமை நடந்தது, நம்பிக்கை பொய்த்த வீடுகள் உண்டு. இருந்தாலும் அவர்கள் கையில் இருந்த ஒரே வேலி அந்தக் கயிறுதான்.

மாப்பிள்ளை ஏன் 31 வயதுக்காரர் என்பதற்கும் விடை இருக்கிறது. தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவருவதை இந்திய அரசு 1938-இல் தடை செய்தது. போர் வந்தபின் கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. ஊரில் இருந்து முறைமாப்பிள்ளையை வரவழைக்கும் வழி அடைபட்டு, நாலு லயத்துக்குள் யார் இருக்கிறார்களோ அவர்களுக்குள் தேடவேண்டியதாயிற்று. பாட்டியிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்கமாட்டார்கள். தாத்தாவிடமும் கேட்டிருப்பார்கள் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. கல்யாணப் பதிவேட்டைத் தேடி அலையவேண்டாம். இந்து முறைப்படி நடந்த திருமணங்களைப் பதிவு செய்வது இந்நாட்டில் 1982 மார்ச் மாதத்தில்தான் கட்டாயமாயிற்று. அன்றைய தோட்டத்துக் கல்யாணங்களுக்குக் கூடியிருந்த சனமே பதிவேடு.

தாத்தா 1943-இல் பிடித்துச் செல்லப்பட்டிருக்கவேண்டும். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சயாம்–பர்மா ரயில்பாதைக்குத் தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்குப் போட்டு ஆள் கேட்டார்கள். போனவர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் மாண்டு, திரும்பவே இல்லை. சேதி வராத கணவனுக்காக எத்தனை நாள் காத்திருப்பது என்று பெரியவர்கள் கூடிப் பேசி, அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கையே தின்று கிடந்த காலத்தில் பிள்ளைகளோடு தனித்து நின்ற பெண்களை மறுபடி கட்டிவைத்த லயங்கள் உண்டு. எங்கள் லயத்திலேயே, இரண்டாம் கணவனுக்குப் பிள்ளை பெற்ற பிறகு முதல் கணவன் திரும்பி வந்ததும், அவர் ஒன்றும் பேசாமல் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டதும் நடந்திருக்கிறது. உங்கள் பாட்டிக்கு அப்போது 17 வயது. அவர் காத்திருந்தார். பெட்டிக்குள் ஒரு சிப்பாயின் பொத்தானை வைத்துக்கொண்டே தாத்தாவுக்காகக் காத்திருந்தார். இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று பகையாக நீங்கள் நிறுத்திவிடக்கூடாது என்பதே உங்களிடம் நான் வலியுறுத்திக் கேட்டுக்கொள்வது.

ஜான்சி ராணிப் படைச் செய்தியை நீங்கள் இரண்டு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கோ அதுதான் பொத்தானைவிடப் பெரியதாகத் தெரிகிறது. நேதாஜி 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்து பெண்களுக்கென்று ஒரு படை அமைக்கப்போவதாக அறிவித்தார். கேப்டன் லட்சுமியின் தலைமையில் அதன் முகாம் அக்டோபர் 22 அன்று அங்கே திறக்கப்பட்டது. கெடா சயாமிடம் போன அதே மாதம்! இந்தியாவைக் கண்ணால் பார்த்திராத தோட்டத்துப் பெண்கள் அதில் சேர்ந்து துப்பாக்கி பிடிக்கக் கற்றார்கள். ஆண்டுக்கணக்கில் சீருடையைக் கண்டு மறைந்தும் ஒளிந்தும் வாழப் பழக்கப்பட்ட ஒரு பெண், அந்தச் சீருடையைத் தானே அணிந்துகொள்கிறேன் என்று அழுதிருக்கிறாள். இடுப்பில் குழந்தை இல்லாதிருந்தால் போயிருப்பாள். இதைச் சின்னப் பாட்டி இவ்வளவு காலம் மறக்காமல் வைத்திருக்கிறார் என்றால், அந்த அழுகை எப்படிப்பட்டதாக இருந்திருக்கவேண்டும்.

அந்த இடுப்புக் குழந்தைதான் உங்கள் பெரிய மாமா என்று கணக்குப் பார்க்கையில் தோன்றுகிறது. அப்படியானால் அவருடைய கோபத்தை நீங்கள் பொறுமையோடு அணுகவேண்டும். சயாமிலிருந்து உயிரைப் பிடித்துக்கொண்டு திரும்பிய தன் தகப்பனுக்குப் பக்கத்தில், பெயர் தெரியாத ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறீர்களே என்பது அவருடைய வலி. எழுதி முடித்ததும் முதலில் அவரிடம் படித்துக்காட்டுங்கள். தாத்தாவின் பகுதியைப் பொத்தானின் பகுதியைவிட நீளமாக எழுதுங்கள், அதற்கு அவர் தகுதியானவர்.

அந்தச் சிப்பாய்க்கு நீங்களாக ஒரு பெயரும் முடிவும் கொடுத்துவிடாதீர்கள். அவர் ஜித்ராவிலோ குரூணிலோ இறந்திருக்கலாம். அந்தப் போரில் மடிந்த இந்தியச் சிப்பாய்கள் பலர் தைப்பிங் போர்க் கல்லறையில் கிடக்கிறார்கள். பிடிபட்டு, மோகன் சிங் திரட்டிய இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்திருக்கலாம். சேர மறுத்து நியூகினிக்குக் கைதியாக அனுப்பப்பட்டிருக்கலாம். பஞ்சாபில் ஏதோ ஒரு கிராமத்தில் பேரன் பேத்திகளோடு வாழ்ந்து முடிந்திருக்கவும் கூடும். பாட்டிக்கே இவற்றில் எதுவும் தெரியாமல்தானே அந்தப் பொத்தானை வைத்திருந்தார். கதையிலும் அவர் தெரியாதவராகவே இருக்கட்டும்.

எழுதுங்கள். ஆனால் அதற்கு முன், இந்த வாரமே சின்னப் பாட்டியின் கையில் அந்தப் பொத்தானைக் கொடுத்துவிட்டு உட்காருங்கள். அக்காளுக்கு அவனைப் பிடிக்குமா என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு நம் பெண்கள் விடை சொல்லமாட்டார்கள். அவன் என்ன பேசினான், எந்தக் கடையில் நின்றான், உங்களுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தானா, பொத்தானை அவன் சட்டையிலிருந்து பிய்த்துக் கொடுத்தானா, கீழே விழுந்ததை அக்காள் எடுத்துக்கொண்டாளா என்று கேளுங்கள். அவருக்கு உடம்பு இடம் கொடுத்தால் பீடோங்குக்கு அழைத்து வாருங்கள். கித்தா மரங்கள் போய் இப்போது எங்கும் செம்பனைதான், ஆனால் படை பின்வாங்கிய அந்தப் பெரிய சடக்கு அப்படியே இருக்கிறது. காரை நிழலில் நிறுத்திக்கொண்டு, கூடாரம் எந்தப் பக்கம் இருந்தது என்று அவரைக் காட்டச் சொல்லலாம். வெயில் ஏறுமுன் வந்துவிடுங்கள், பசியாற எங்கள் வீட்டில் ஏற்பாடு செய்துவிடுகிறேன்.

அன்புடன்,
பீடோங்